அம்மாவின் மூச்சும் எட்டுப் புள்ளி இரண்டும்

பிஎச் என்றால் என்ன என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடாவருடம் நடத்தியவள் நான். ஏழுக்குக் கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம், நடுவில் நல்ல தண்ணீர். லிட்மஸ் தாளை எலுமிச்சைச் சாற்றில் தொட்டு நிறம் மாற்றிக் காட்டினால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். மணி அடிக்கும், அடுத்த வகுப்புக்குப் போய்விடுவேன். அந்த எண் என் அம்மாவை என் வீட்டிலிருந்து கிளப்பி அனுப்பும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை.

இது நடந்தது இரண்டாயிரங்களின் நடுவில். ராஜகீழ்ப்பாக்கத்தில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தரைத்தளத்தில் எங்கள் வீடு. ஒரு ஹால், இரண்டு படுக்கையறை, முன்னால் கிரில் போட்ட சிட்அவுட். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. வீட்டுக்கு வந்தவர்களில் சிலர் மீன் தொட்டியின் முன்னால் நின்று, "இதுங்கதான் உங்களுக்குப் பிள்ளைங்க மாதிரி, இல்ல?" என்பார்கள். அப்படிச் சொன்னவர்களின் காபியில் சர்க்கரையைக் குறைத்துப் போட்டிருக்கிறேன் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

தொட்டி என் கணவருடையது. அவர் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தார். சில மாதம் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் அங்கிருந்து சென்ட்டும் சாக்லேட்டும் வாங்கிவருவார்கள். இவர் அங்கே ஆபீஸ் வரவேற்பறையில் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி ஒன்றைப் பார்த்துவிட்டு, அந்த ஆசையைப் பெட்டியில் வைத்து எடுத்துவந்தார். வந்த வேகத்தில் எங்கள் ஹாலின் நீளச் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு தொட்டி எழுந்தது. நீல விளக்கு, மோட்டார்கள், கொளத்தூர் வண்ணமீன் சந்தையிலிருந்து ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பவளங்கள். அவை எந்தக் கடலிலிருந்து எப்படி வந்தன என்று ஒருமுறை கேட்டேன். "அதெல்லாம் உனக்கெதுக்கு?" என்றார்.

அழகாகத்தான் இருந்தது. அதை இல்லை என்று சொன்னால் பொய். காலையில் விளக்கு போட்டதும் பவளங்கள், தோசைக்கல்லில் ஊற்றிய மாவு மாதிரி மெல்ல விரியும். ஆனால் அழகுக்கு இடம் வேண்டும். இரண்டாவது படுக்கையறை முழுக்க உப்புத் தண்ணீர் டிரம்கள், தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின், பவுடர் டப்பாக்கள். அந்த அறைக்குள் ஒரு பாய் விரிக்கக்கூட வழி இல்லாமல் செய்துவிட்டார்.

அப்பா போன பிறகு அம்மா எங்களோடு வந்துவிட்டாள். தம்பி பம்மலில் இருந்தான். தோல் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு மாடிப் போர்ஷன், ஏணி மாதிரி நிமிர்ந்து நிற்கும் படிக்கட்டு. அம்மாவின் முழங்கால் இரண்டும் போய்விட்டிருந்தன. அந்தப் படியில் ஏறினால் இறங்குவது கஷ்டம், இறங்கினால் ஏறுவது கஷ்டம். எங்கள் வீடு தரைத்தளம். சர்ச் நடக்கிற தூரத்தில் இருந்தது. "சாகிற வரைக்கும் உன்கூடத்தான்டி" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். டிரம்களுக்கு அறை, அம்மாவுக்கு ஹால் என்று ஆயிற்று. தொட்டிக்கு எதிர்ச் சுவரை ஒட்டி ஒரு கட்டில் போட்டோம்.

அம்மாவுக்கு அதில் குறையே இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவள். வேலை பார்த்த காலம் முழுக்கப் பேசியே சம்பளம் வாங்கியவளுக்கு, வீட்டில் பேச ஆள் இல்லாவிட்டால் மீன் போதாதா? தொட்டியில் மஞ்சள் மீன் ஒன்று இருந்தது. எல்லாக் கல்லுக்கும் பின்னால் போய் எட்டிப்பார்த்து, மற்ற மீன்களை விரட்டி வேலை வாங்கிக்கொண்டிருக்கும். அதற்கு அம்மா 'சூப்பர்வைசர்' என்று பெயர் வைத்தாள். எக்ஸ்சேஞ்சில் தன்னைப் பாடாய்ப்படுத்திய அம்மாள் அப்படியே இதுதான் என்பாள். காலையில் கட்டிலில் உட்கார்ந்து அதற்குக் கேட்கும்படி ஞானப்பாட்டு பாடுவாள். குரல் அப்போதும் கணீரென்று இருந்தது.

பிரச்சினை கோடைகாலத்தில் தொடங்கியது. மெட்ராஸ் வெயிலுக்குப் பவளம் தாங்காது. தண்ணீரைக் குளிர வைக்கும் மெஷின் வாங்குவதற்குப் பதில் ஹாலுக்கே ஏசி போட்டு ராத்திரி பகல் ஓடவிட்டார். குளிர் வெளியே போகாமல் இருக்க ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டினார். எங்கள் பக்கத்தில் சாயங்காலம் ஐந்தரை ஆனால் ஏரிக் கொசுவுக்குப் பயந்து எல்லா வீட்டிலும் கதவையும் ஜன்னலையும் படபடவென்று சாத்துவார்கள், எட்டு மணிக்குத்தான் திறப்பார்கள். எங்கள் வீட்டில் திறப்பது என்பதே நின்றுபோனது.

கொஞ்ச நாளில் பவளங்கள் சுருங்க ஆரம்பித்தன. பேனா மாதிரி ஒரு மீட்டர் வாங்கினார். அதைத் தண்ணீரில் நனைத்தால் பிஎச் காட்டும். கடலில் எட்டுப் புள்ளி இரண்டு இருக்கும். எங்கள் தொட்டியில் காலையில் பார்த்தால் ஏழு புள்ளி ஏழு. அந்த அளவில் பவளத்துக்குத் தன் கூட்டைக் கட்டிக்கொள்ள முடியாது, கட்டியதும் கரையத் தொடங்கும் என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காலை வணக்கம் என்பது அந்த எண்தான். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஹாலிலிருந்து கத்துவார். நான் சமையலறையில் சட்னி அரைத்துக்கொண்டே "உம்" கொட்டுவேன்.

எண்ணை ஏற்ற அவர் செய்யாதது இல்லை. பவுடர் போட்டார். கேக்குக்கு வைத்திருந்த என் சோடா மாவு டப்பாவைக் காலி செய்தார். ஏறும், மறுநாள் காலையில் இறங்கிவிடும். பிறகு சுண்ணாம்புத் தெளிவு நல்லது என்று எங்கேயோ படித்து, சுண்ணாம்பைக் கரைத்து, மேலே தெளிந்த நீரை மட்டும் எடுத்து, மெடிக்கல் ஷாப்பில் குளுக்கோஸ் ஏற்றும் டியூப் வாங்கி, சொட்டுச் சொட்டாக விழும்படி தொட்டிக்கு மேலே ஆணியடித்துத் தொங்கவிட்டார்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை அண்ணாந்து பார்த்தாள். "என்ன மாப்ள, சூப்பர்வைசருக்கு உடம்பு சரியில்லையா? டிரிப்ஸ் ஏத்துறீங்க?"

"சுண்ணாம்புத் தண்ணி அத்தை."

"சரி சரி. வெத்தல பாக்கு நான் வாங்கிட்டு வரட்டுமா?"

அவரே சிரித்துவிட்டார். அந்த ஹாலில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

சுண்ணாம்புக்கும் மசியவில்லை. அப்புறம் இன்டர்நெட்டில் மீன் வளர்ப்பவர்கள் பேசிக்கொள்ளும் ஒரு இடத்தில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். காரணம் தண்ணீரில் இல்லை, காற்றில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். மூடிய வீட்டில் மனுஷர் விடும் மூச்சால் கரியமில வாயு கூடும். தொட்டியின் அழுக்கை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மர் என்ற சாதனம், அறைக் காற்றை உறிஞ்சித்தான் தண்ணீருக்குள் குமிழி விடுகிறது. அந்தக் காற்றோடு கரியமில வாயுவும் தண்ணீரில் போய்க் கரைகிறது. தண்ணீர் அமிலப் பக்கம் இறங்குகிறது.

இதில் தப்பு எதுவும் இல்லை. நான் நடத்திய பாடம்தான் இது. சுண்ணாம்புத் தெளிவில் ஸ்ட்ரா வைத்து ஊதினால் பால் மாதிரி வெளுக்கும், நம் மூச்சில் இருப்பது இதுதான் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் பாடம் சரியாக இருந்தாலும் கணக்கைத் தப்பாகப் போடலாம். அதை என் கணவர் செய்து காட்டினார்.

தம்பிக்கு மஞ்சள் காமாலை என்று அம்மா ஒரு வாரம் பம்மலுக்குப் போனாள். அவள் போன அன்றே ஏசி படுத்துக்கொண்டது. மெக்கானிக் வந்து கழற்றிப் பார்த்துவிட்டு, "கேஸ் பூரா லீக் ஆயிக்கீது சார். பார்ட்ஸ் வந்தாத்தான். ஒரு வாரம் ஆவும்" என்று சொல்லிவிட்டுப் போனான். என் கணவர் டேப்பைக் கிழித்து ஜன்னல்களைத் திறந்தார், தண்ணீருக்கு நேராக இரண்டு டேபிள் ஃபேன் வைத்தார், ஐஸ் பாட்டில்களை மிதக்கவிட்டார். பிஎச் எட்டைத் தாண்டியது. எட்டுப் புள்ளி ஒன்று. எட்டுப் புள்ளி இரண்டு. அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கே காமாலை இறங்கிய மாதிரி இருந்தது.

அம்மா திரும்பி வந்த மறுநாள் காலை. ஏசியும் சரியாகி, ஜன்னல்கள் மறுபடி மூடியிருந்தன. மூன்று பேரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தட்டோடு எழுந்துபோய் மீட்டரை நனைத்துப் பார்த்தார். நின்ற இடத்திலிருந்தே, ஏதோ பரீட்சையில் விடை கிடைத்தவர் மாதிரி சந்தோஷமாகச் சொன்னார்.

"அத்தை, நான் நினைச்சது கரெக்ட். நீங்க இல்லாத வாரம் எட்டுப் புள்ளி ரெண்டு. நீங்க வந்து ஒரு ராத்திரி படுத்தீங்க, ஏழு புள்ளி எட்டு."

அம்மா சிரித்தாள். "அப்போ நான் மூச்சு விடக் கூடாதா மாப்ள?"

சிரித்திருக்க வேண்டிய இடம் அது. அவர் சிரிக்கவில்லை, யோசித்தார். "அப்படி இல்ல அத்தை. இந்த ஹால்ல ஒரு ஆள் ராத்திரி முழுக்கப் படுத்தா, அவ்வளவும் தண்ணிலதான் போகுது. அதான் சொல்றேன்."

'ஒரு ஆள்' என்றார். அம்மா கையிலிருந்த இட்லித் துண்டைச் சாம்பாரில் தோய்த்துத் தட்டிலேயே வைத்தாள்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. அவரைப் படுக்கையறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். "அந்த வாரம் பூரா ஜன்னல் தெறந்திருந்துச்சு. அது உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியும். அதுவும் ஒரு காரணம்தான். ஆனா ஜன்னலைத் தெறந்து வெக்க முடியாது. டெம்பரேச்சர் ஏறிடும். அப்போ மிச்சம் என்ன இருக்கு?"

"மிச்சம் எங்கம்மா இருக்காங்க."

"நான் அவங்களைப் போகச் சொல்லவே இல்லையே. சயின்ஸைத்தானே சொன்னேன்? நீயே சயின்ஸ் டீச்சர்."

ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருந்தது ஒரு மரக்கதவு. அம்மா வேலை பார்த்தது காதை வைத்து. அவளுக்குக் கேட்காமல் இருந்திருக்க வழியில்லை.

அதற்குப் பிறகு அம்மா கொஞ்சம் கொஞ்சமாக ஹாலைக் காலி செய்தாள். யாரும் சொல்லவில்லை. காலைப் பாட்டு நின்றது. கேட்டால், "தொண்டை கட்டியிருக்குடி" என்றாள். டீவி பார்க்கும்போது சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். ஐந்தரை மணிக்கு ஊரே கதவைச் சாத்தும் நேரத்தில் சிட்அவுட்டில் போய் உட்கார்ந்து, காலில் கொசு அடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். தொட்டியைக் கடந்து பாத்ரூமுக்குப் போகும்போது முந்தானையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு போனாள். முதல் முறை அது கேலி என்று நினைத்தேன். அடுத்தடுத்த முறை அது கேலி இல்லை. அவர் அதைப் பார்த்தார். "ஐயோ அத்தை, அதெல்லாம் வேணாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மீட்டரை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தபோது வாசலில் தம்பி ஆட்டோவோடு நின்றான். அம்மாதான் போன் செய்து வரச் சொல்லியிருக்கிறாள்.

"அவன் உடம்பு இன்னும் தேறலை. சமைச்சுப் போட ஆளில்ல" என்றாள் என்னிடம்.

"அம்மா, அந்தப் படி..."

"ஏறிட்டா அப்புறம் இறங்க வேணாமே. மேலயே இருந்துட்டுப் போறேன்."

போகும்போது சண்டையில்லை, அழுகையில்லை. மாப்பிள்ளையிடம், "வரேன் மாப்ள, சூப்பர்வைசரைப் பாத்துக்குங்க" என்றாள். அவர் பையைத் தூக்கிக்கொண்டுபோய் ஆட்டோவில் வைத்தார். ரொம்ப மரியாதையாக வைத்தார். அந்த மரியாதையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பம்மலில் அம்மா சொன்னபடியே மேலேயே இருந்துவிட்டாள். சர்ச் போனது. தெரு போனது. காற்று திரும்பினால் தோல் நாற்றம் வரும், ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். சனிக்கிழமைகளில் நான் போய்ப் பார்ப்பேன். கதவைத் திறந்ததும் முதலில் கேட்பது, "பிஎச் எவ்ளோ?"

இதில் வேடிக்கை என்னவென்றால், பிஎச் ஏறவில்லை. அம்மா போன மறுநாள் ஏழு புள்ளி எட்டு. அதற்கு அடுத்த நாளும் அதேதான். ஏழு புள்ளி எட்டில் ஆணியடித்த மாதிரி நின்றது. அவர் மீட்டரைச் சந்தேகப்பட்டார், புதிதாக ஒன்று வாங்கினார். அதுவும் அதையே சொன்னது. பிறகு அடுப்பைச் சந்தேகப்பட்டார், கேஸ் எரிந்தாலும் கரியமில வாயு வரும் என்று என்னை இட்லியைக் குறைக்கச் சொன்னார். அப்புறம் ஒரு நாள், நான் ஹாலில் உட்கார்ந்து பேப்பர் திருத்திக்கொண்டிருந்தபோது, மீட்டரைப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். எண்ணிப் பார்க்கிற பார்வை. வீட்டில் மிச்சம் இருக்கும் ஆட்களை எண்ணுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

எழுந்துபோய்த் தொட்டியின் முன்னால் நின்றேன். கண்ணாடியில் மூக்கை வைத்து, நெஞ்சு நிறைய இழுத்து, முழு மூச்சையும் விட்டேன். கண்ணாடி வெளுத்தது. "இதையும் சேத்துக்குங்க" என்றேன். அவருக்கு நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று கடைசிவரை தெரியவில்லை. தெரியாததுதான் எனக்கு அதிகம் வலித்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து ஞாயிறுகள் தொடங்கிய சமயம், இன்டர்நெட்டில் முகம் தெரியாத யாரோ ஒருவர் அவருக்குப் பதில் எழுதினார். ஸ்கிம்மருக்குக் காற்று போகும் டியூபை அறைக்குள் விடாதே, நீளமாக இன்னொரு டியூப் மாட்டிச் சுவருக்கு வெளியே விடு, வெளிக்காற்றை உறிஞ்சட்டும். அவ்வளவுதான் பதில். ஜன்னலைத் திறக்க வேண்டாம், ஏசியை நிறுத்த வேண்டாம், யாரையும் குறைக்க வேண்டாம்.

நான் சர்ச்சுக்குப் போயிருந்த நேரத்தில் வேலையை முடித்துவிட்டார். கொத்தனார்கள் மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிப் பிடிப்பார்களே, அந்தக் கண்ணாடி மாதிரி டியூப், ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷன் ஹார்டுவேர் கடையில் முழம் போட்டுத் தருவார்கள். அதை வாங்கிவந்து, சுவரில் டிரில் போட்டு, சிட்அவுட் பக்கம் விட்டிருந்தார். கொசு உள்ளே போகாமல் இருக்க வாயில் ஒரு துண்டு கொசுவலை, அதன்மேல் ரப்பர்பேண்ட். ஓட்டை போட்ட இடம் அம்மாவின் கட்டில் இருந்த இடத்துக்கு நேர் எதிரே. மறுநாள் காலை எட்டுப் புள்ளி இரண்டு. வீட்டில் நாங்கள் இருவரும் இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தோம். அது அசையவில்லை.

"பாத்தியா? இவ்வளவுதான் விஷயம்" என்றார். அப்புறம் உண்மையாகவே மனதோடு சொன்னார். "இனிமே பிரச்சினையே இல்ல. அத்தையை வரச் சொல்லேன்."

இவ்வளவுதான் விஷயம். ஒரு துண்டு டியூப். இதைச் சொல்ல அவருக்கு வாய் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்று ஏதாவது உடைந்திருக்கும்.

கிறிஸ்துமஸ் அன்று தம்பி அம்மாவைக் கைத்தாங்கலாகப் படியிறக்கி அழைத்துவந்தான். பாதி உடம்பாகியிருந்தாள். சிட்அவுட்டிலேயே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே வா என்றேன். "முட்டி வலிக்குதுடி, இங்கயே இருக்கேன்" என்றாள். கேக் கொண்டுவந்து கொடுத்தேன். எக்ஸ்சேஞ்சுக் கதை ஒன்றைப் பழைய குரலில் சொல்லிக்கொண்டிருந்தவள், தன் தோளுக்குப் பக்கத்தில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த டியூபைப் பார்த்தாள்.

"இது என்னாடி?"

எனக்குச் சொல்லப் பிடிக்கவில்லை. ஆனால் அம்மாவிடம் மறைத்துப் பழக்கமில்லை. "மீனுக்கு வெளிக்காத்து போறதுக்கு. அதுல இருந்து பிஎச் சரியாயிடுச்சு. ஆளால எல்லாம் இல்லம்மா. நீ திரும்பி வந்துடலாம்."

"அட, நல்ல ஐடியாவா இருக்கே" என்றாள். சொல்லிவிட்டு, நாற்காலியின் கைகளை ஊன்றி, முழங்கால் நடுங்க எழுந்தாள். நான் பிடிப்பதற்குள் நாற்காலியை இழுத்து, சுவரிலிருந்து தள்ளி, கேட்டுக்குப் பக்கத்தில் வெயிலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மிச்சக் கதையை என் பக்கம் திரும்பாமல், தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

ஏன் என்று எனக்கு உடனே புரிந்தது. அந்த டியூப் வாயின் பக்கத்தில் அவள் மூச்சு விடக் கூடாது.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. போய் அந்த டியூப் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி மூடினேன். விரலை உள்ளே இழுத்தது. ஹாலில் ஸ்கிம்மர் இருமுவது மாதிரி ஒரு சத்தம் போட்டது.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "கைய எடுடி" என்றாள், என்னைச் சின்ன வயதில் அதட்டுகிற குரலில். "பாவம், அதுங்களுக்கு மூச்சு முட்டும்."

கையை எடுத்தேன்.